‘பூமர் ஆண்ட்டி’ எங்கள் அக்காதான்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. மார்சிலிங் வீட்டில் விளக்கேற்றி, படையல் போட்டு, வந்தவர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகு இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும். அட்டையில் இருப்பவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

நானும் எத்தனையோ நினைவு மலர்களை வாங்கி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மறைந்தவர் சாந்த சொரூபி, அதிர்ந்து பேசாதவர், புன்னகை மாறாதவர். அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் அவரிடம் அடி வாங்கியவர்களே முதலில் சிரிப்பார்கள். இன்று வந்திருப்பவர்களில் அப்படிப் பல பேர் இருக்கிறீர்கள். நானும் அதில் ஒருவன். எங்கள் அக்கா கைநீட்டுகிறவர். கோபம் வந்தால் அவருக்கு வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். அதை மறைத்து எழுதினால் இது வேறு யாரோ ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாறு ஆகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊரில் பலருக்கு அக்காவை ஒரு வீடியோ வழியாகத்தான் தெரியும். இருட்டில் ஒரு அம்மாள் திரும்பி ஓங்கி அறைகிறார், அவ்வளவுதான் அந்த வீடியோ. அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நம் சொந்தக்காரர்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். யார் யார் என்றும் தெரியும். அந்த அறைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மனுஷி இருந்தார் என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பிறந்தது செம்பவாங் பக்கத்தில் ஒரு கம்பத்துக் கிராமத்தில். விவரம் தெரிந்த வயதில் மார்சிலிங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. ஒரு நாள் சாரம் சரிந்து விழுந்து அப்பா அங்கேயே போய்விட்டார். அப்போது அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. அம்மா சாப்பாட்டுக் கடையில் மங்கு தட்டு கழுவப் போனார். அக்கா உயர்நிலைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அக்கா. வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் முதுகில் வைத்தவரும் அவர்தான். ஒரு ஆசிரியர் என்னைக் காரணமில்லாமல் அடித்தார் என்று கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போய் அவருடைய மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

அந்த வயதில் அக்காவுக்கு இருந்த ஒரே சந்தோஷம் சினிமா. சினிமா என்றால் எல்லாப் படமும் இல்லை, ஒரே ஒரு நடிகரின் படம். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். ‘நம்மாளு’ என்போம். போட்டி நடிகருக்கும் பெயர் கிடையாது. அவர் ‘அந்தாளு’.

நம்மாளு படம் வந்தால் முதல் நாள் முதல் காட்சிக்குச் சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்த தியேட்டருக்குப் போயாக வேண்டும். அங்கே ஒரு முறை உண்டு. திரையில் நம்மாளு முதல் முதலாகத் தோன்றும்போது உட்கார்ந்திருக்கக் கூடாது. எல்லோரும் எழுந்து நின்று விசில் அடிப்பார்கள், காகிதம் கிழித்துப் போடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் நம்மாளை அவமதிப்பவர். பெண்கள் பொதுவாக எழுந்து நிற்பதோடு சரி. அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து அடிப்பார் பாருங்கள், முன்வரிசை ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு தடவை அந்தாளுடைய ஆட்கள் வேண்டுமென்றே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டார்கள். முதலில் வாய்ச்சண்டை. பிறகு சோடா பாட்டில் பறந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது, நாற்காலிக் கைப்பிடிகளைப் பிடுங்கிக்கொண்டு அடித்தார்கள். மற்ற பெண்களெல்லாம் வாசலுக்கு ஓடியபோது அக்கா குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வரிசைக்குள் இறங்கினார். மரப்பிடி போட்ட குடை. எதிரே வந்த ஒரு ஆளுக்கு உதடு கிழிந்து ஒரு பல் தரையில் விழுந்தது. நான் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தேன், அந்தப் பல் என் கண் முன்னால்தான் கிடந்தது.

அடுத்த வாரமே அந்த ஆள் தன் தாயாரை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். போலீசுக்குப் போகப் போகிறார்கள் என்று நினைத்து அம்மா நடுங்கிப் போனார். அவர்கள் தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்திருந்தார்கள்.

“ஏம்ப்பா, ஒன்ன அடிச்ச பொண்ணயா கேக்குற?” என்று அம்மா கேட்டார்.

“எல்லாரும் ஓடிட்டாங்கம்மா. இவங்க ஒருத்தங்கதான் நின்னாங்க” என்றார் அவர், வீங்கிய உதட்டோடு.

அவர்தான் எங்கள் அத்தான். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக். கடைசிவரை அந்தாளுடைய ரசிகராகவே இருந்தார். மார்சிலிங் வீட்டிலேயே எங்களோடு வந்து தங்கினார். டிவியில் யார் படம் ஓடுவது என்பதில் அந்த வீட்டில் எத்தனை ரிமோட் உடைந்திருக்கும் என்பது அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மா மாக்சிக்குக்குத்தான் தெரியும்.

எனக்கு இரண்டு நடிகரும் பிடிக்கவில்லை. நான் வளர்ந்தபோது ஆங்கிலக் கிதார் பாட்டு வந்துவிட்டது. முடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டையோடு திரிந்தேன். அக்காவுக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே ஆகாது. “சுடுகாட்டுல வேல பாக்குறியாடா?” என்று ஒரு அறை விட்டார். ஒரு சட்டையை நான் போட்டிருக்கும்போதே கழுத்திலிருந்து கீழே வரை கிழித்துத் தரைத்துணியாக்கினார்.

அதே மாதிரி இன்னொரு சட்டைக்காகப் பக்கத்து புளோக் பையன்கள் ஒரு நாள் சாயங்காலம் என்னைக் கீழே பிடித்துக்கொண்டார்கள். ‘தமிழனுக்கு வெள்ளக்காரன் பாட்டு கேக்குதா’ என்று சட்டையைப் பிடித்து இழுத்து, கீழே தள்ளி, விலாவில் மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. யாரோ மேலே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா சப்பாத்திக் கட்டையோடு இறங்கி வந்தார். கையில் மாவு அப்படியே இருந்தது. வந்த வேகத்தில் ஒருவனுடைய மணிக்கட்டில் போட்டார், அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவனைத் தூணோடு வைத்து முகத்தில் அடித்தார்.

“சட்டயக் கிழிக்கிறதுன்னா நான் கிழிப்பேன். நீ யாருடா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்.

ஆஸ்பத்திரியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பியதும் அந்தச் சட்டையையும் தரைத்துணியாக்கிவிட்டார். அக்காவின் நியாயம் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்குள் யாருக்கு எது பிடித்தாலும் அதைக் கிழிக்கிற உரிமை அவருக்கு உண்டு. வெளியிலிருந்து ஒருவன் அதைத் தொட்டால் அவன் கை இருக்காது.

அக்காவுக்கு ஒரே மகள், மீனா. அவள் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போது அத்தான் மாரடைப்பில் போனார். தொழிற்சாலையும் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அக்கா காவலாளி வேலைக்குச் சேர்ந்து, பகல் முழுக்க ஒரு கொண்டோ குடியிருப்பின் வாசலில் நின்று மீனாவைப் பட்டப்படிப்புவரை படிக்க வைத்தார். மீனா எங்கள் குடும்பத்திலேயே வேறு மாதிரி. சத்தம் போட மாட்டாள். யாராவது கையை ஓங்கினால் எழுந்து அறையை விட்டுப் போய்விடுவாள். அக்கா அவளை மட்டும் ஒரு நாளும் அடித்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, “அவ ஒங்க அத்தான் மாதிரி இல்லடா, அடிச்சா திருப்பி வர மாட்டா” என்றார்.

படித்து முடித்ததும் மீனா ஒரு பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தாள். அலுவலகங்களுக்குப் போய், பல வயதுக்காரர்கள் ஒன்றாக வேலை செய்வது எப்படி என்று வகுப்பெடுப்பது அவள் வேலை. இந்த வருஷத்திலிருந்து இந்த வருஷம்வரை பிறந்தவர்கள் பூமர், அடுத்து ஜென் எக்ஸ், பிறகு மில்லெனியல், அதற்குப் பிறகு ஜென் இசட். யார் எந்தப் பாட்டைக் கேட்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள், எதற்குக் கோபப்படுவார்கள் என்றெல்லாம் திரையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்சிலிங்கில் சாப்பிடும்போது எனக்கும் பாடம் நடத்தினாள்.

“மாமா, நீங்க ஜென் எக்ஸ். யார் சொன்னாலும் நம்ப மாட்டீங்க.”

“யாரு சொன்னா?”

“பாத்தீங்களா.”

அக்கா மீன் தலையைப் பிய்த்துக்கொண்டே, “நான் என்னா?” என்று கேட்டார்.

“நீங்க பூமர்மா. வாட்ஸ்அப்ல தெனம் குட் மார்னிங் பூ அனுப்புவீங்க. பழைய ஹீரோவ விட மாட்டீங்க. சொன்னா கேக்க மாட்டீங்க.”

“அது எல்லாரும்தான் லா” என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு யாருக்கும் வருத்தமில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கு நம்மாளு படம் வந்தது. அவருக்கும் வயதாகிவிட்டது. பேரன் எடுத்த தாத்தாவாக வந்து நூறு பேரைச் சுட்டுக் கொல்கிற படம். அக்கா, மீனா, நான் மூவரும் முதல் காட்சிக்குப் போனோம். இப்போதெல்லாம் தியேட்டர் கடைத்தொகுதிக்குள் இருக்கிறது, சாய்ந்து படுக்கிற நாற்காலி, காகிதம் போட்டால் அபராதம். திரையில் முதலில் நம்மாளுடைய செருப்பு வந்தது. அக்கா எழுந்து நின்று விசில் அடித்தார். அந்த அரங்கத்தில் எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

“ஆண்ட்டி, உக்காருங்க லா. ஃபிரேம்ல நிக்கிறீங்க” என்றார் பின்னால் இருந்த ஒரு இளைஞர்.

அக்கா உட்காரவில்லை. நம்மாளு முகம் இன்னும் வரவில்லையே, எப்படி உட்காருவார். அந்த இளைஞர் நாற்காலியைக் காலால் உதைத்தார். “பூமருங்களோட படம் பாக்க வந்தா இப்படித்தான்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், அந்த வரிசையே சிரித்தது. அக்கா திரும்பி ஒரு அறை விட்டார். அந்த அறைதான் வீடியோவில் இருக்கிறது. வீடியோவில் இல்லாதது, அதற்குப் பிறகு அந்த இளைஞருடைய கைப்பேசியை அக்கா பிடுங்கி அதாலேயே அவர் புருவத்தில் அடித்தது. ரத்தம் அவர் சட்டையிலும் அக்காவின் புடவையிலும் தெறித்தது. விளக்கு போட்டார்கள், படம் நின்றது. நான் அந்த இளைஞரின் நெற்றியைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் வந்தது. மீனா வெளியேறும் வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

கடும் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் வீடியோ விடவில்லை. அறைச் சத்தத்தை மேளத்தோடு சேர்த்துப் பாட்டாக்கினார்கள். அதற்கு ஆடினார்கள். ‘பூமர் ஆண்ட்டி’ என்று அதற்குப் பெயர். அக்காவுக்கு இதெல்லாம் பெரிதாக வலிக்கவில்லை என்பதுதான் உண்மை. நானும் அவரும் சிராங்கூன் சாலையில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் ஓடி வந்து, “ஆண்ட்டி, ஒரே ஒரு அறை, வீடியோ கண்டெண்டுக்கு” என்று கன்னத்தைக் காட்டினான்.

அக்கா என்னைப் பார்த்து, “இவன் கேக்குறானா, கிண்டல் பண்றானா?” என்றார்.

“ரெண்டும்தான்க்கா.”

அவனுடைய கண்ணாடி பூக்கடைக்குள் போய் விழுந்தது. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். இந்தப் பிள்ளைகளை எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் புரிந்தது போலிருந்தது.

வலித்தது வேறு. அக்கா வேலை பார்த்த காவல் நிறுவனம், ஊழியர்கள் எல்லோரையும் ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. ‘தலைமுறைகளைப் புரிந்துகொள்வோம்’ என்று தலைப்பு. வகுப்பை நடத்துவது மீனாவின் நிறுவனம். அம்மா முன்னால் நின்று பாடம் நடத்தினால் அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று மீனா தன் முறையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தாள். நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பில் ஓடும் படங்கள் எல்லாம் அவள் தயாரித்தவை. அவற்றை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பூமர் என்ற பகுதி வந்ததும் திரையில் அந்த அறை ஓடியது. முகத்தின் மேல் மட்டும் ஒரு மஞ்சள் சிரிப்புப் பொம்மை.

தன் கையை அடையாளம் தெரியாதவர் யார்? வகுப்பே சிரித்தது, கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். அறை திரும்பத் திரும்ப ஓடியது. அக்கா எழுந்து, “அது நான்தான்” என்றார். சிரிப்பு நின்றது. “யாரு செஞ்சது இத?” என்று கேட்டார். பாடம் நடத்தியவர் பாவம், விவரம் தெரியாமல் மீனாவின் பெயரைப் பெருமையாகச் சொன்னார். அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி வீசினார். அது திரையைக் கிழித்துக்கொண்டு சுவரில் மோதியது. அடுத்த நாற்காலி படம் காட்டும் கருவியை நொறுக்கியது. வேலை அன்றோடு போனது.

நான் வேன் ஓட்டுகிறவன். “டேய், வண்டிய எடுத்துக்கிட்டு வா” என்று போன் வந்தது. ஏற்றிக்கொண்டேன். எங்கே என்று கேட்டதற்கு, “கிளமெண்டி” என்றார். மீனா அங்கேதான் தனியாக வீடு எடுத்திருந்தாள்.

மீனா கதவைத் திறந்தாள். விஷயம் அவளுக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. “அம்மா, ஐ கேன் எக்ஸ்பிளெய்ன்…” என்று ஆரம்பித்தாள்.

“ஊரு சிரிச்சிது, நான் ஒண்ணும் சொல்லல” என்றார் அக்கா. “நீ எதுக்குடி சிரிக்க வச்ச? நான் ஒனக்கு அம்மாவா, பூமரா?”

“ரெண்டும்தான்மா. அது ஜஸ்ட் ஒரு லேபிள். முகத்த மறைச்சுதானே போட்டேன்.”

அக்கா அவளை அறைந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. உதட்டோரம் ரத்தம் வந்தது. மீனா அழவில்லை, கையையும் தூக்கவில்லை. “பாத்தீங்களா? இதுதான்மா நான் ஸ்லைடுல போட்டது. ஒங்க ஜெனரேஷனுக்கு இத விட்டா வேற ஒண்ணும் தெரியாது” என்றாள் அடங்கிய குரலில். அக்கா சுவரிலிருந்த டிவியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார். வெளியே வந்தோம். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தாயும் மகளும் பேசவில்லை. நான் குடியிருக்கும் புக்கிட் பாத்தோக்கிலிருந்து வாரம் ஒருமுறை மார்சிலிங் போவேன். சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா ஒன்றைத்தான் கேட்பார்.

“அவ அந்தப் படத்துலேர்ந்து என்னைய எடுத்துட்டாளாடா?”

மீனாவிடம் கேட்டேன். “அன்னிக்கே எடுத்துட்டேன் மாமா. ஆனா அடிச்சதுக்கு அவங்க ஒரு சாரி சொல்லட்டும்” என்றாள். அதை அக்காவிடம் சொன்னேன். “எடுத்தத அவ வாயால சொல்லட்டும்” என்றார். இந்த இரண்டு பேரில் யார் பூமர், யார் மில்லெனியல் என்று வகுப்பெடுக்கிறவர்கள் யாராவது எனக்குப் பிரித்துச் சொன்னால் தேவலை. எனக்கு அந்தப் பெயர்கள் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒருவர் எந்த வருஷம் பிறந்தார் என்று தெரிந்ததும் ஆளே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பதினாறு வயதில் ஒருவருக்கு எது உயிராக இருந்ததோ அது அறுபதிலும் உயிர்தான். என் வேனில் இன்றைக்கும் அந்தக் கிதார்தான் அலறுகிறது. அது பிடிவாதம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு நாள் காலையில் அக்கா சமையலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு குழறியது. மீனா தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, டாக்டரிடம் பேசுவாள், தாதியிடம் பேசுவாள், என்னிடம் பேசுவாள். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கஞ்சியை மீனா எடுத்தால் வாயைத் திறக்க மாட்டார், நான் எடுத்தால் திறப்பார். இப்படியே இவர் போய்விடுவாரோ என்று பயந்தேன். இருவரையும் வைத்துக்கொண்டு நான் ஒருவனே சத்தம் போட்டேன். இருவருமே கேட்கவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டும். முறைப்படி அது கடைசியில் வர வேண்டும், கடைசி வந்துவிட்டது.

அக்கா விழுந்த சத்தம் கேட்டு, கதவை உடைக்கச் சொல்லி ஆளைக் கூட்டிய அடுத்த வீட்டு மாக்சிக்குக்கு முதல் நன்றி. இரவு பகல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும் டாக்டர்களுக்கும் நன்றி. உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை அக்கா இடது கையால் அறைந்தபோது, “இந்தக் கை நல்லா வேலை செய்யுது” என்று குறித்துக்கொண்டு போன அந்தப் பெண்ணுக்குத் தனி நன்றி. வகுப்பில் சிரித்ததற்கு வருந்தி, சீருடையோடு வந்து பெட்டியைத் தூக்கிய காவலாளி நண்பர்களுக்கும் நன்றி.

தியேட்டரில் அடிபட்ட இளைஞரும் துக்கத்துக்கு வந்திருந்தார். புருவத்தில் தழும்பு தெரிந்தது. “நானும் அவரோட ஃபேன்தான் அங்கிள். சின்ன வயசுலேர்ந்து ஒவ்வொரு எண்ட்ரியும் எடுத்து வச்சிருக்கேன். அவங்க எழுந்து நின்னாங்க, நான் ஃபோனத் தூக்குனேன். அவ்ளோதான் வித்தியாசம்” என்றார். மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

கடைசியாக, வார்டில் எதிர்க்கட்டிலில் இருந்த மூதாட்டிக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்றி. ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரம். அந்த அம்மாளைப் பார்க்க அவர் பேரன் வந்திருந்தார். அலுவலக உடையில், படித்தவர் போலத்தான் இருந்தார். அக்காவையே உற்றுப் பார்த்தார். பிறகு, “ஏய், அந்த பூமர் ஆண்ட்டி லா” என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியைத் தூக்கினார். “ஆண்ட்டி, ஒரு கை காட்டுங்க” என்று கட்டில்வரை வந்துவிட்டார். அக்காவுக்கு வலது கை அசையாது. இடது கையால் முகத்தை மறைக்கப் பார்த்தார். கோணிப்போன வாயை மறைக்கத்தான் பார்த்தார். அக்கா ஒருவருக்குப் பயந்து முகத்தை மறைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மீனா எழுந்தாள். “டிலீட் பண்ணுங்க.”

“சும்மா ஃபன்னுக்கு லா. ஃபேமஸ் ஆச்சே இவங்க. டிப்பிக்கல் பூமர்…”

மீனா குத்தினாள். மூக்கின் மேல் நேராக ஒரு குத்து. அவர் பின்னால் போய் மருந்துப் புட்டி தொங்கிய கம்பத்தோடு விழுந்தார். மீனா விடவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து மறுபடி குத்தினாள். கைப்பேசியைப் பிடுங்கிக் கட்டில் இரும்பில் மூன்று நான்கு தடவை அடித்தாள், கண்ணாடித் தூள் பறந்தது. அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. தாதிகள் ஓடி வந்தார்கள். நான் இடுப்பைப் பிடித்து இழுத்தும் அவளை அசைக்க முடியவில்லை. வார்டு முழுக்கக் கேட்க ஒன்றையே கத்திக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மாடா அவங்க. எங்கம்மா.”

காவலாளிகள் வந்து பிரித்தார்கள். எதிர்க்கட்டில் மூதாட்டி, தன் பேரனைப் பார்த்து, “தப்பு ஒம்மேலதான். போலீசு கீலீசுன்னு போனா, எனக்குக் கொள்ளி போட நீ வராத” என்றார். அவர்கள் புகார் கொடுக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

எல்லாம் அடங்கிய பிறகு மீனா கால்மாட்டிலேயே நின்றாள். அக்கா இடது கையை நீட்டினார். மீனா தயங்கித் தயங்கிக் கட்டிலுக்குத் தலைமாட்டில் போனாள். அக்கா அவளுடைய வலது கையைப் பிடித்து, தன் மடியில் வைத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். கட்டைவிரல் அடியில் வீங்கிக் கறுத்திருந்தது. அதைத் தொட்டதும் மீனா துடித்தாள்.

அக்கா வாயைக் கூட்டிப் பேச ரொம்ப நேரம் ஆனது. “கட்டவெரல… உள்ள வச்சு… குத்தக் கூடாது” என்றார்.

“சரிம்மா.”

“வெளிய வையி. ஒடஞ்சிரும்.”

சொல்லிவிட்டு, அந்த ஒரு கையாலேயே மீனாவின் நான்கு விரலை மடக்கி, கட்டைவிரலை வலிக்காமல் எடுத்து வெளிப்பக்கம் வைத்து, இப்படி என்று காட்டினார். மீனா அந்தக் கையை எடுக்காமலேயே தலையை அக்காவின் தோளில் வைத்து அழுதாள். அன்று கஞ்சியை அவள்தான் கொடுத்தாள்.

இரண்டு நாளில் மறுபடி பக்கவாதம் வந்து அக்கா போய்விட்டார். கடைசியாக என்ன சொன்னார் என்று உங்களில் பலர் என்னைக் கேட்டீர்கள். முருகா என்றாரா, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றாரா என்று கேட்டீர்கள். அப்போது நான் மழுப்பிவிட்டேன். மேலே எழுதியிருப்பதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. இதைப் போடலாமா என்று மீனாவிடம் கேட்டேன். போடுங்கள் மாமா என்றாள்.

மீனாவின் கையில் கட்டுப் போட்டிருந்ததைப் பற்றியும் அன்று கேட்டீர்கள். கார்க் கதவில் நசுங்கிவிட்டது என்று சொன்னோம். கட்டைவிரல் எலும்பில் விரிசல். வாய்க்கரிசி போட அவள் முறை வந்தபோது இடது கையால் போடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் அந்த வலது கையாலேயே அரிசியை அள்ளினாள். வலியில் கண் நிறைந்தது, ஆனால் ஒரு மணி சிந்தவில்லை. நான்கு விரலை இறுக மடக்கிக்கொண்டு தாயின் முகத்தருகே குனிந்தாள், கட்டைவிரல் வெளியே இருந்தது.